பேரறிஞர் விர்ச்சோவும் நாடி நோயும்

இருதய நோய் என்னுஞ் சொல் இந்நாளில் எவர் செவிக்கும் புதியதன்று. நேற்று மாலைவரை நம்முடன் நகைத்துப் பேசியிருந்த நண்பர் இன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்ற செய்தி வரும்போது, நாமும் ஒரு கணம் நமது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கின்றோம். பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களிலும், பரீட்சைப் பெறுபேறு பற்றிய பேச்சு ஓய்ந்தபின் எழுவது கொலஸ்திரோலின் அளவு பற்றிய பேச்சே. தோட்டத்து வாய்க்காலில் வண்டல் படிந்து நீரோட்டம் தடைப்படுவது போல, குருதி ஓடும் நாடியிற் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொள்கின்றது என்பதே பெரும்பாலார் கொண்டுள்ள எண்ணம்.

இவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. ஆயினும் பாதி உண்மையே. வாய்க்கால் மண்ணாலாயது; அதற்கு உயிரில்லை. நாடியின் சுவரோ உயிருள்ளது. தன்னுட் புகுந்த ஒன்றை அது உணரும், எதிர்க்கும், எதிர்க்கும்போது தானும் புண்படும். இந்த மற்றைப் பாதி உண்மையை 1856 ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தவர் ஜேர்மனிய வைத்தியப் பேரறிஞர் றூடோல்ப் விர்ச்சோ. அவர் சொல்லிய அக்கருத்து நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்து, மீண்டும் நம் காலத்திலே தலைநிமிர்ந்தது. அப்பெரியாரின் வாழ்க்கையை இவ்விழா மலரிலே சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

விர்ச்சோ 1821 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 13 ஆந் திகதி, பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்திலே சீவெல்பைன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் கமஞ் செய்தவர். ஊர்ச் சபையின் தனாதிகாரியாகவும் இருந்தவர். பெற்றோருக்கு விர்ச்சோ ஒரே மகன். செல்வம் மிகுந்த குடும்பமன்று. பள்ளிப் படிப்பு முடியும் வேளையில் அவர் எழுதிய கட்டுரையின் பொருள், உழைப்பு நிறைந்த வாழ்வு சுமையன்று, பேறே என்பதாம். பதினேழு வயது இளைஞர் எழுதிய அக்கட்டுரைக்கு, அவர் பின்னர் வாழ்ந்த அறுபத்து மூன்று ஆண்டுகளும் உரையாக அமைந்தன என்று கூறலாம்.

1839 ஆம் ஆண்டில் அவர் பேர்லின் நகரஞ் சென்று, இராணுவ வைத்தியரைப் பயிற்றும் கல்லூரியிலே அரசாங்கத்தின் உதவியுடன் சேர்ந்தார். வறிய வீட்டுப் பிள்ளைகள் வைத்தியங் கற்பதற்கு அந்நாளிற் கிடைத்த வழி அதுவே. அங்கே யொகான்னஸ் முல்லர் என்னும் பேராசிரியரிடத்தில், கண்ணாற் கண்டதையே நம்புதல் வேண்டுமென்னும் ஒழுக்கத்தைக் கற்றார். 1843 இற் பட்டம் பெற்று, சாரிற்றே வைத்தியசாலையிலே பிரேத பரிசோதனைப் பகுதியிற் பணியாற்றத் தொடங்கினார்.

அக்காலத்திலே, நோய்கள் பலவற்றுக்கும் மூலம் நாளங்களின் அழற்சியே என்றொரு கொள்கை ஐரோப்பா எங்கும் ஆட்சி செலுத்தியது. அதனை ஆராயும் பொறுப்பு இளைஞர் விர்ச்சோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இறந்தோரின் உடல்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துப் பார்த்தார். சுவாசப்பைக்குச் செல்லும் நாடியை அடைத்திருந்த குருதிக் கட்டி அவ்விடத்திலே தோன்றியதன்று. காலிலோ பிறிதோரிடத்திலோ உள்ள நாளத்தில் உறைந்து, பிரிந்து, குருதியோடு மிதந்து வந்து சிக்கியது என்பதை நிறுவினார். குருதி உறைவதையும், உறைந்த கட்டி பிரிந்துசென்று அடைப்பதையுங் குறிக்க இன்றும் வைத்தியர்கள் வழங்குஞ் சொற்கள் அவர் ஆக்கியவை. 1845 ஆம் ஆண்டிலே, வெண்குருதிக் கலங்கள் அளவிறந்து பெருகும் நோயொன்றை விளக்கி, பின்னர் அதற்குப் பெயருஞ் சூட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

பழைய சஞ்சிகைகள் அவருடைய கட்டுரைகளை விரும்பி ஏற்கவில்லை. அதனால் மனந்தளராது, 1847 இலே தம் நண்பர் றைன்ஹார்ட்டுடன் சேர்ந்து தாமே ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். அது அவர் பெயராலேயே இன்றும் வெளிவந்துகொண்டிருக்கின்றது.

1848 ஆம் ஆண்டு தொடக்கத்தில், மேற் சைலீசியா என்னும் பகுதியிலே கொடிய காய்ச்சல் பரவி மக்கள் பெருந்தொகையாய் மடிந்தனர். அதனை ஆராயுமாறு அரசாங்கம் விர்ச்சோவை அனுப்பியது. மூன்று வாரம் வரை அங்கே தங்கி, குடிசை குடிசையாகச் சென்று பார்த்தார். அவர் கொடுத்த அறிக்கை அனுப்பியவர்களைத் திடுக்கிடச் செய்தது. இன்ன மருந்து கொடுங்கள் என்று அவர் எழுதவில்லை. பசியும் அறியாமையும் அடிமைத்தனமுமே அம்மக்களைக் கொன்றன என்றும், கல்வியும் வீதியும் நல்ல விவசாயமும் தம்மைத் தாமே ஆளும் உரிமையும் அவர்களுக்குத் தேவை என்றும், போலிஷ் மொழி பேசும் அம்மக்களுக்கு அவர்தம் மொழியிலேயே கல்வி கிடைத்தல் வேண்டுமென்றும் எழுதினார். ஊருக்குத் திரும்பிய சில நாட்களுள் பேர்லினிற் புரட்சி மூண்டது. விர்ச்சோ மக்கள் பக்கம் நின்றார். புரட்சி தோற்றது. அடுத்த ஆண்டு அவருடைய பதவிக்கு ஆபத்து வந்தது.

பேர்லின் கைவிட்டவரை வூர்ட்ஸ்பேர்க் சருவகலாசாலை 1849 இல் நோயியற் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. 1850 இல் றோஸ் மாயர் என்னும் மங்கையை மணந்தார். மூன்று ஆண்களும் மூன்று பெண்களுமாக மக்கள் அறுவரைப் பெற்றார். அரசியற் பேச்சை அடக்கிக்கொண்டு நுணுக்குக்காட்டியின் முன் அவர் கழித்த இவ்வேழாண்டுகளே அவர்தம் பெரும்பணிக்கு வித்திட்ட ஆண்டுகளாம். ஒவ்வொரு கலமும் இன்னொரு கலத்திலிருந்தே பிறக்கின்றது. நோய் என்பது வெளியிலிருந்து வந்து உடலிற் குடிபுகும் ஆவியன்று, உடலின் கலங்களே மாறிய நிலையில் வாழும் வாழ்வு என்னும் உண்மைகளை அவர் இங்கே தெளிந்தார். 1856 இற் பேர்லின் அவரைத் திரும்ப அழைத்தது. அவருக்கெனவே நோயியல் நிலையம் ஒன்று கட்டப்பட்டது. 1858 இல் அங்கே அவர் ஆற்றிய இருபது விரிவுரைகள் நூலாக வெளிவந்து வைத்திய உலகின் நோக்கையே மாற்றின. கலங்கள் பிளந்து பெருகுவதை அவருக்கு முன்னரே கண்டு எழுதியவர் றொபேட் றீமாக் என்னும் யூத அறிஞர். அவருக்குரிய பெருமையை விர்ச்சோ வேண்டிய அளவு வழங்கவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். தடித்துப் பழுதான நாடிகளின் உட்சுவரிலே கூழ்போன்ற ஒரு பொருள் திரண்டிருப்பதைப் பிரேத பரிசோதனை செய்வோர் நெடுங்காலமாகக் கண்டிருந்தனர். அதிலே கொலஸ்திரோல் உண்டு என்பதும் 1843 இலே தெரியவந்தது. அஃது எவ்வாறு வந்தது என்பதே வினா. வியன்னா நகரத்து நோயியல் மேதை றொக்கித்தான்ஸ்கி, குருதியிலுள்ள பொருள்கள் சுவரின் மேலே படிந்து படையாகி மாறுவதால் வந்தது என்றார். அவர் விர்ச்சோவிலும் மூத்தவர். ஆயிரமாயிரம் உடல்களைப் பரிசோதித்தவர். அத்தகையாரை விர்ச்சோ மறுத்துரைத்தார். பழுது சுவரின் மேலே படிந்ததன்று. சுவரின் உள்ளேயே நிகழ்ந்தது. குருதியிலிருந்து கசிந்த பொருள் உட்சுவரினுட் செறிகின்றது, ஆங்குள்ள கலங்கள் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன, சுவர் தடிக்கின்றது, பின்னரே அது கொழுப்பாகிக் குழைகின்றது. ஆதலின் இது வெறுந்தேய்வன்று, ஓர் அழற்சியே என்பது அவர் முடிபு. நாடியின் உட்சுவர் அழன்று உருத்திரிதல் என்னும் பொருள்பட அந்நோய்க்குப் பெயருமிட்டார். கலத்தையே நோயின் இருப்பிடமாகக் கண்டவருக்கு, நாடியை வெறுங்குழாயாகக் காண இயலாமற்போனது வியப்பன்று.

ஆய்வுகூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1859 இற் பேர்லின் நகர சபையில் உறுப்பினராகி, இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். கழிவு நீர் தெருவோரக் கால்வாய்களிலே தேங்கி நாறிய அந்நகருக்கு, பொறியியலாளர் ஹோப்றெக்ட் வகுத்த நிலக்கீழ்க் கழிவுநீர்த் திட்டம் நிறைவேறுவதற்கு அவர் பெருந்துணையாக நின்றார். நகர வைத்தியசாலைகள் எழுவதற்கும், பன்றியிறைச்சியிலுள்ள புழுவால் வரும் நோயைத் தடுக்க இறைச்சிப் பரிசோதனை நடைபெறுவதற்கும் உழைத்தார். 1861 இல் முற்போக்குக் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவராகி, பிரஷ்ய சட்டசபையிலே பிஸ்மார்க்கை அஞ்சாது எதிர்த்தார். 1865 இல் வெகுண்ட பிஸ்மார்க் அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். வாளாற் பெறும் வெற்றி வாதத்தை மெய்யாக்காது என்பதை அறிந்தவரல்லவா?

மக்களினங்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் அவர் ஈடுபட்டார். 1879 இல், புராதன துரோய் நகரை அகழ்ந்த ஷ்லீமனுடன் சென்று அவ்விடத்தை ஆராய்ந்தார். நமது இலங்கைத் தீவின் வேடரைப் பற்றியும் 1881 இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. ஜேர்மனியப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 67 இலட்சம் பேரின் கண், மயிர், தோல் ஆகியவற்றின் நிறங்களைக் கணக்கெடுப்பித்து, தூய இனம் என்ற பெருமை பேசுவோரின் கூற்றுக்கு ஆதாரமில்லை, மக்கள் எங்கும் கலந்தே வாழ்கின்றனர் எனக் காட்டினார். யூதருக்கு எதிராக எழுந்த பகைமைப் பிரசாரத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தார்.

இத்துணைப் பெரியாரிடத்துங் குறைகள் இருந்தன. பிரசவத்துக்கு உதவும் வைத்தியர் கைகழுவினால் தாய்மார் பிழைப்பர் என்று செம்மல்வைஸ் கண்ட உண்மையை அவர் ஏற்கத் தயங்கினார். 1882 இல் றொபேட் கொக் கசநோய்க் கிருமியை வெளிப்படுத்தியபோதும் ஐயுற்றே நின்றார். நியாண்டர் பள்ளத்தாக்கிலே கிடைத்த ஆதிமனிதனின் எலும்புகளை, நோயால் உருத்திரிந்த எலும்புகள் என்று 1872 இற் கூறிவிட்டார். இளமையிலே முதியோர் கொள்கைகளை ஆதாரங்காட்டித் தகர்த்தவர், முதுமையிலே இளையோர் காட்டிய ஆதாரத்தின் முன் தாமே தடையாக நின்றார். அறிவு மிகுந்தோரும் இத்தவற்றுக்கு உள்ளாகலாம் என்பதை, கற்பிக்குந் தொழிலிலுள்ள நாம் சிறப்பாக நெஞ்சில் இருத்துதல் வேண்டும். நம் மாணவன் நம்மைத் திருத்தும் நாளில் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதே நமக்குரிய பரீட்சை.

1902 ஆம் ஆண்டு சனவரி 4 ஆந் திகதி, கூட்டமொன்றுக்கு விரைந்த அம்முதியவர் ட்ராம் வண்டியிலிருந்து குதித்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அதிலிருந்து முற்றாகத் தேறாமலே அவ்வாண்டு செப்ரெம்பர் 5 ஆந் திகதி உயிர்நீத்தார்.

அவர் மறைந்தபின் ஆராய்ச்சி வேறு திசையிற் சென்றது. 1910 இல் ஜேர்மனிய இரசாயனர் விண்டவுஸ், பழுதான நாடியிலே கொலஸ்திரோல் பன்மடங்கு மிகுந்திருப்பதை அளந்து காட்டினார். 1913 இல் இரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே அனிச்கோவ், சலாத்தோவ் என்னும் இருவர், தூய கொலஸ்திரோலைச் சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்து முயல்களுக்கு ஊட்டினர். முயல்களின் நாடிகளிலே மனிதருக்குற்ற அதே பழுது தோன்றியது. கொழுப்பு நிறைந்த கலங்கள் அங்கே குழுமியிருப்பதையும் அனிச்கோவ் கண்டார். 1950 ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் கோப்மன், கொலஸ்திரோல் குருதியிலே தனித்து மிதப்பதில்லை, கொழுப்பும் புரதமுஞ் சேர்ந்த நுண்துணிக்கைகளிலே ஏற்றிச் செல்லப்படுகின்றது என்பதையும், அவற்றுள் ஒருவகையே தீங்குக்குக் காரணம் என்பதையுங் காட்டினார். எல்.டி.எல். என்று நம் பரிசோதனைத் தாளிற் காணப்படுவது அத்துணிக்கைகள் சுமக்கும் கொலஸ்திரோலின் அளவே. அத்துணிக்கையைக் குருதியிலிருந்து வாங்கும் வாயிலைக் கண்டறிந்த பிறவுண், கோல்ட்ஸ்ரீன் என்னும் இருவர் 1985 இல் நோபெல் பரிசு பெற்றனர். கொலஸ்திரோல் நிறைந்த கூழே கண்முன் நின்றமையால், அழற்சி என்ற விர்ச்சோவின் சொல் பின்தள்ளப்பட்டது.

ஆயின், கொழுப்புத் துணிக்கை சுவரினுட் புகுந்தபின் யாது நிகழ்கின்றது என்று நுணுகி நோக்கியபோது, விர்ச்சோ மீண்டும் எதிர்ப்பட்டார். நாடிகள் கிளைக்கும் இடங்களிலும் வளையும் இடங்களிலும் குருதியோட்டம் சீர்கெட்டுச் சுழல்கின்றது. அங்கே உட்படலம் நலிந்திருக்க, துணிக்கைகள் அதனூடே சென்று சுவரின் நார்ப்பொருளிற் சிக்குகின்றன. சிக்கியவை ஒட்சியேற்றத்தாலும் பிறவாற்றாலும் மாற்றமடைகின்றன. மாறிய துணிக்கையை உடல் அந்நியனாகக் கருதுகின்றது. உட்படலக் கலங்கள் தம்மேல் ஒட்டும் பொருள்களைத் தோற்றுவித்து, ஓடும் வெண்குருதிக் கலங்களைப் பிடித்து உள்ளே விடுகின்றன. உட்சென்றவை பெருந்தின்கலங்களாக மாறி, துணிக்கைகளை அளவின்றி விழுங்குகின்றன. விழுங்கி நுரைபோற் பருத்து, ஈற்றில் அங்கேயே மடிகின்றன. கொலஸ்திரோல் ஊசிபோன்ற பளிங்குகளாய்த் திரண்டு கலங்களைக் குத்த, அவை அழற்சியை மூட்டும் பொருள்களைச் சுரந்து மேலும் கலங்களை அழைக்கின்றன. மடிந்த கலங்களின் குழம்பை நார்மூடி ஒன்று மூடி நிற்கின்றது. அழற்சி அம்மூடியை அரித்து மெலிவிக்க, ஒருநாள் அது கிழிகின்றது. கிழிந்த இடத்திற் குருதி உறைந்து நாடியை அடைக்கின்றது. அதுவே நாம் அஞ்சும் மாரடைப்பு. கலம், அழற்சி, குருதி உறைதல் என்று விர்ச்சோ தம் வாழ்நாளில் தனித்தனியே ஆராய்ந்த மூன்றும் ஒருங்கே வந்து சேரும் இடம் இதுவென்க.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் பிடிப்பதை நாம் அறிவோம். துணிக்கையே முள், அழற்சியே வீக்கம். விர்ச்சோ வீக்கத்தைக் கண்டார்; முள்ளைச் சரிவரக் காணவில்லை. அழற்சியின் பின்னரே கொழுப்பு வரும் என்று அவர் கருதியது, முறையைச் சிறிது மாற்றியதாயிற்று. அனிச்கோவின் வழிவந்தோருட் பலர் முள்ளைக் கண்டனர், வீக்கத்தைப் பொருட்படுத்தவில்லை.

இது வெறுஞ் சாத்திர வாதமன்று. உயிர் பற்றிய காரியம். ஜப்பானிய அறிஞர் எண்டோ 1973 இற் பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த பொருளின் வழிவந்த ஸ்ரற்றின் மருந்துகள் துணிக்கைகளைக் குறைக்கின்றன. இருதய நோயாளர் 4444 பேரிடம் நிகழ்ந்து 1994 இல் வெளியான சோதனையிலே, அம்மருந்து மரணத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. மறுபுறம், மாரடைப்பிலிருந்து தப்பிய பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2017 இல் வெளியிட்ட சோதனையிலே, கொலஸ்திரோலைத் தொடாது அழற்சியை மாத்திரம் அடக்கும் மருந்தொன்று, மாரடைப்பு முதலியவற்றை நூற்றுக்குப் பதினைந்தளவு குறைத்தது. விர்ச்சோ கூறிய அழற்சி மெய்யே என்பதற்கு இது நேர்ச்சான்று. ஆயின் அம்மருந்து பெற்றோரிடையே உயிர்கொல்லும் தொற்றுநோய்கள் சிறிது மிகுந்தன. அழற்சி உடலின் பகைவன் மாத்திரமன்று, காவலனுமாம். வாத நோய்க்கு வழங்கும் கொல்சிசின் என்னும் பழைய மருந்து 2019, 2020 ஆம் ஆண்டுகளின் சோதனைகளிற் பயன் காட்டியது. 2024 இல் வந்த பெருஞ்சோதனையிற் காட்டவில்லை.

ஆதலால், நோய்க்கு மூலம் அழற்சியே, கொலஸ்திரோல் வெறுங்கதை என்று எவரேனுங் கூறக்கேட்டு, வைத்தியர் கொடுத்த மருந்தை இடைநிறுத்துவது பேதைமை. முள்ளைக் காலில் விட்டுவிட்டு வீக்கத்துக்கு மாத்திரம் மருந்து பூசுவார் உளரோ? அவ்வாறே, அளவு நன்றாயிருக்கின்றது என்று புகைத்தலைத் தொடர்வதும், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கவனியாது விடுவதும் பிழை. அவையும் நாடிச் சுவரை நலிவிப்பனவே. ஐம்பதைத் தாண்டிய நம் பழைய மாணவர் இதனை மனங்கொள்வாராக.

மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று. ஒருவர் கண்டது பாதி உண்மையாயிருத்தல் கூடும். அதனால் அவர் சிறியராகார். அப்பாதியே முழுமை என்று சாதிக்கும்போதுதான் அறிவு தேங்குகின்றது. விர்ச்சோ தம் வெற்றியாலும் தவற்றாலும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. குடிசையிற் கிடந்த நோயாளியையும் நுணுக்குக்காட்டியின் கீழ்க் கிடந்த கலத்தையும் ஒரே கருத்தோடு நோக்கிய அப்பெரியாரைப் போல, இக்கல்லூரித் தாயின் மக்களும் உழைப்பைப் பேறாகக் கொண்டு, கண்ட உண்மையை அஞ்சாது கூறி, பிறர் காட்டும் உண்மையைப் பணிவோடு ஏற்று வாழ்வாராக என வாழ்த்தி அமைகின்றோம்.